பட்டைச் சோதிக்கிற கை மருந்தைச் சோதிக்காதா?

தோல் நோய்க்குச் சீன மூலிகை, நாட்டு மூலிகை: எதை நம்பலாம்?

ஆரணிக் கடைத்தெரு. கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது.

கூட வந்த பாட்டி லேசில் விடுவாளா? சேலையின் ஓரத்தில் ஒரு நூலை உருவுகிறாள். தீக்குச்சியைக் கிழிக்கிறாள். நூலைப் பொசுக்குகிறாள். முகர்ந்து பார்க்கிறாள். தலைமுடி பொசுங்கும் வாடை வந்தால் அசல் பட்டு. மெழுகு போல உருகி உருண்டால் போலி!

அதோடு விட்டாளா? இல்லை. "சில்க் மார்க் சீட்டு எங்கே?" என்று கேட்கிறாள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ம் ஆண்டில் வந்த முத்திரை அது.

சேலை வாங்கியாயிற்று. குடும்பம் பஸ் நிலையத்துக்கு வருகிறது. பாட்டியின் காலில் பல வருஷமாக ஒரு படை. ராத்திரியில் அரிப்புத் தாங்காது. அங்கே ஒருவர் சிறு டப்பாவில் களிம்பு விற்கிறார். டப்பாவில் பெயர் இல்லை. தேதி இல்லை. செய்தவர் விலாசமும் இல்லை.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறாள் பாட்டி.

"எல்லாம் பச்சிலைதான், அம்மா. சீனாவில் இருந்து வந்தது. பயமே இல்லை."

அவ்வளவுதான். பணத்தைக் கொடுத்தாள். டப்பாவை மடியில் கட்டிக்கொண்டாள்.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. மேலே உடுத்தும் துணிக்கு இரண்டு சோதனை. உடம்பிலேயே பூசும் மருந்துக்கு ஒரு சோதனையும் இல்லை! இது என்ன நியாயம்?

கையே மூலதனம்

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நெசவாளிக்குத் தறி ஒரு மூலதனம். அதைவிடப் பெரிய மூலதனம் அவருடைய கை. பட்டு இழை மிக மெல்லியது. விரலில் வெடிப்பு இருந்தால் இழை அதில் மாட்டும். மாட்டினால் அறும். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். வேலை நின்று போகும்.

சாயம் போடுகிறவர் பாடு இன்னும் கஷ்டம். பட்டு நூலின் பசையைப் போக்க சோப்பும் சோடாவும் போட்டு வேக வைக்கிறார்கள். பிறகு சூடான சாயத் தண்ணீரில் நூலை முக்கி எடுக்கிறார்கள். கை எப்போதும் ஈரம். தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை போய்விடுகிறது. தோல் வறளும், சிவக்கும், வெடிக்கும்.

ஆகவே இங்கே தோல் நோய் என்பது அழகைப் பற்றிய கவலை மட்டும் அல்ல. சோற்றைப் பற்றிய கவலை. அதனால்தான் யார் எந்த மருந்தைச் சொன்னாலும் கை நீள்கிறது.

ஆனால் ஒரு விஷயம். சாயத்தினாலும் சோடாவினாலும் வந்த புண்ணுக்குச் சீன மருந்து போட்டாலும் சரி, சீமை மருந்து போட்டாலும் சரி, காரணம் நீங்காவிட்டால் புண் ஆறாது. காலையில் களிம்பு, பகலெல்லாம் சாயத்தொட்டி என்றால் எப்படி ஆறும்? முதல் மருந்து கையுறை. இரண்டாவது மருந்து, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவது.

எல்லாம் ஒரே படை அல்ல

படை என்று ஊரில் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஆனால் நோய்கள் பல.

படர்தாமரை என்பது காளான் வகைக் கிருமியால் வருவது. ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றும். கரப்பான் தொற்றாது. குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அதிகம் வரும். அரித்து அரித்து நீர் கசியும்.

காளாஞ்சகப்படை என்பது வேறு. டாக்டர்கள் அதைச் சோரியாசிஸ் என்கிறார்கள். சாதாரணமாகத் தோல் புதிதாக வளர்ந்து மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அதனால் வெள்ளி போலச் செதில் செதிலாக உதிர்கிறது. சிலருக்கு மூட்டுவலியும் வரும்.

காளாஞ்சகப்படை தொற்றுநோய் அல்ல! இதைப் பத்து முறை சொன்னாலும் தகும். நோயாளியோடு சேர்ந்து உண்ணலாம், உறங்கலாம், ஒரே தறியில் உட்காரலாம். 2014-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி, இது தொற்றாத நீண்டகால நோய் என்று தீர்மானமே போட்டன. ஆனாலும் படையைப் பார்த்துப் பெண்ணை வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தனித் தட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நோயைவிட இந்த அவமானம் பெரிது. அந்த அவமானம்தான் நோயாளியை விலாசம் இல்லாத டப்பாவிடம் துரத்துகிறது.

லண்டன் குழந்தைகள்

சீன மூலிகை மருந்து என்றாலே மோசடி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. அதுவும் சரி அல்ல. லண்டனில் நடந்த ஒரு சம்பவம் அதற்குச் சாட்சி.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் பெயர் பெற்ற குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகள் அங்கே வருவார்கள். சில குழந்தைகளுக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. அவர்களில் சிலர் திடீரென்று குணம் கண்டு வந்தார்கள். டாக்டர்கள் வியந்தார்கள். "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். சீனர்கள் வாழும் பகுதியில் டிங்குயி லுவோ என்ற பெண் வைத்தியர் கஷாயம் கொடுப்பதாகத் தெரிந்தது.

டாக்டர்கள் அதைக் கேலி செய்யவில்லை. சோதித்துப் பார்த்தார்கள்! 10 மூலிகைகள் சேர்ந்த ஒரு கஷாயம். அதே போல் தோற்றமும் கசப்பும் உள்ள, ஆனால் மருந்துக் குணம் இல்லாத இன்னொரு கஷாயம். எது எந்தக் கஷாயம் என்பது நோயாளிக்குத் தெரியாது. சில வாரம் ஒன்று, சில வாரம் மற்றொன்று என்று கொடுத்தார்கள். 1992-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்துக் கஷாயம் குடித்தபோதுதான் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நன்றாகக் குணம் தெரிந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

இன்னொரு பக்கம்

அதே கஷாய முறையை ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடமே சோதித்தார்கள். 1999-ல் முடிவு வந்தது. லண்டனில் தெரிந்த பலன் அங்கே தெரியவில்லை. தோல் நோய்க்குச் சீனக் கஷாயம் குடித்த சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் செய்திகள் வந்தன.

அதே 1999-ல் இன்னொரு திடுக்கிடும் தகவல். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள், தோல் நோய்க்காகக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். அவற்றில் 8 களிம்புகளில் டெக்சாமெதசோன் கலந்திருந்தது! அது பச்சிலை அல்ல. ஸ்டீராய்டு என்ற வகையைச் சேர்ந்த ஆங்கில மருந்து. குழந்தைகளின் முகத்துக்கும் அந்தக் களிம்பைப் பூசியிருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தா? இல்லை. டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று கொடுத்தால் நல்ல மருந்து. தெரியாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். நிறம் மாறும். படர்தாமரை மேல் பூசினால் அரிப்பு அடங்கும். கிருமியோ உள்ளே பரவும். நிறுத்தியதும் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். அப்போது நோயாளி என்ன நினைப்பார்? "அந்தப் பச்சிலை மருந்துதான் கேட்டது" என்று அதே டப்பாவைத் தேடி ஓடுவார்!

இது சீன மருந்தின் குற்றம் மட்டும் அல்ல. நமது நாட்டில் மருந்துக் கடைகளிலேயே ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கேட்டவருக்கு எல்லாம் கிடைத்து வந்தன. அதனால்தான் 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

பெயர் மாறியதால் வந்த வினை

பெல்ஜியம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்டார்கள் பல பெண்கள். இளைத்தார்களோ இல்லையோ, சிறுநீரகம் கெட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். என்ன காரணம்? ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட இன்னொரு மூலிகை சேர்ந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது.

பிரிட்டனிலும் கரப்பானுக்குச் சீன மூலிகை சாப்பிட்ட இருவருக்கு இதே இனத்துச் செடியால் சிறுநீரகம் செயல் இழந்தது. உடனே 1999-ல் அங்கே அதற்குத் தடை போட்டார்கள். இந்தச் செடி மருந்துகள் புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்திருக்கிறது.

எங்கோ பெல்ஜியத்தில் நடந்ததற்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது! அதே இனத்துச் செடி தமிழ்நாட்டு வயல் ஓரத்திலும் வளர்கிறது. அதன் பெயர் ஆடுதீண்டாப்பாளை. ஈசுரமூலியும் அதே இனம்தான். கரப்பானுக்கும் சொறிக்கும் நாட்டு மருந்தாக இவற்றைச் சொல்வார்கள். ஆடே தொடாத செடி என்று பெயர் வைத்தார்கள் முன்னோர். அந்தப் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

பச்சிலை என்றால் பயம் இல்லை என்பது பொய். எருக்கும் பச்சிலைதான், அரளியும் பச்சிலைதான்!

சாயத்தொட்டியில் ஒரு மருந்து

அப்படியானால் மூலிகையே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். ஆரணிக்காரர்கள் கேட்டால் மகிழக்கூடிய ஒரு செய்தியும் இருக்கிறது.

சீன வைத்தியத்தில் சிங்தாய் என்று ஒரு நீலப் பொடி உண்டு. அது என்ன? நீலச் சாயம்! சில செடிகளின் இலையை ஊற வைத்து எடுப்பது. நமது ஊரில் அவுரியில் இருந்து நீலம் எடுக்கிறார்களே, ஏறக்குறைய அதே வழிதான். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது.

தைவான் நாட்டு டாக்டர் யின்-கு லின் என்பவரும் அவரது குழுவினரும் அந்த நீலத்தைக் களிம்பாக்கிக் காளாஞ்சகப்படைக்குச் சோதித்தார்கள். மொத்தம் 42 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்துப் படையில் நீலக் களிம்பு. மறு பக்கத்துப் படையில் நீலம் இல்லாத வெறும் களிம்பு. 12 வாரம் பூசினார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. 31 பேருக்கு நீலம் பூசிய பக்கத்தில் படை முழுவதும் மறைந்தது, அல்லது பெரும்பாலும் மறைந்தது. துணியில் நீலக் கறை படிவதுதான் தொல்லை. பிறகு நிறம் குறைந்த மருந்தும் செய்து சோதித்தார்கள்.

அந்த நீலத்தில் வேலை செய்யும் முக்கியப் பொருளின் பெயர் இண்டிரூபின்.

இனி நமது ஊருக்கு வருவோம். காளாஞ்சகப்படைக்குச் சித்த வைத்தியர்கள் பூசக் கொடுப்பது வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். சில நாளில் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். அந்த வெட்பாலை இலையில் நீலச் சாயப் பொருளும் இண்டிரூபினும் இருப்பதை 2000-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள்!

அவுரிக்கும் வெட்பாலைக்கும் தாவர நூலில் உள்ள பெயரைப் பார்த்தால் இரண்டிலும் 'டிங்க்டோரியா' என்று வரும். சாயத்துக்கு உதவுவது என்று அதற்குப் பொருள். சீனன் சாயத்தொட்டியில் கண்ட மருந்தும், சித்தன் எண்ணெய்ச் சட்டியில் கண்ட மருந்தும் உறவுக்காரர்கள்!

பூசலாம், விழுங்கலாமா?

இதைப் படித்ததும் நீலப் பொடியைக் கரைத்துக் குடிக்க யாரும் கிளம்பக் கூடாது. ஜப்பானில் குடல் புண்ணுக்காகச் சிலர் அந்த நீலப் பொடியை உட்கொண்டார்கள். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியது. 2016-ல் ஜப்பான் அரசே எச்சரிக்கை விடுத்தது.

ஒரே பொருள். பூசினால் ஒரு குணம். விழுங்கினால் வேறு குணம். இந்த வித்தியாசம் எப்படித் தெரிந்தது? சோதித்ததால் தெரிந்தது. பலனைக் காட்டியதும் சோதனைதான். ஆபத்தைக் காட்டியதும் சோதனைதான்.

எனவே சண்டை, சீன வைத்தியத்துக்கும் ஆங்கில வைத்தியத்துக்கும் இடையே இல்லை. சித்த வைத்தியத்துக்கும் டாக்டருக்கும் இடையேயும் இல்லை. சோதித்த மருந்துக்கும் சோதிக்காத மருந்துக்கும் இடையேதான் சண்டை.

"தாத்தா காலத்து மருந்து"

"இது பரம்பரை மருந்து. தாத்தா காலத்திலேயே சோதித்தாயிற்று" என்று சிலர் சொல்லலாம். அதில் பாதி உண்மை உண்டு. பூசியவுடன் எரிகிறதா, வாந்தி வருகிறதா என்று தாத்தா கண்டிருப்பார். பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் கெட்டால் அது இந்த மருந்தால்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு இரத்தச் சோதனை வேண்டும். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கணக்கு வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். டப்பா மலிவு" என்று சொல்லலாம். இது நியாயமான பேச்சு. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நோயாளி அல்ல, அரசு. சாயப் பட்டறையும் தறியும் நிறைந்த ஊர்களுக்குத் தோல் டாக்டரும் சித்த மருத்துவரும் சேர்ந்து வந்து பார்க்கும் முகாம் மாதம் ஒரு முறையாவது வேண்டும். கூலி போகாத நேரத்தில் வேண்டும். வெட்பாலைத் தைலம் போன்ற நமது மருந்துகளைத் தைவானில் செய்தது போல ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் வெறும் எண்ணெய் என்று பல ஊர்களில் சோதித்து, முடிவை எளிய தமிழில் வெளியிட வேண்டும். சென்னை தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதற்கு ஏற்ற வேலை இது.

சட்டமும் இருக்கிறது. சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். சீட்டில் விவரம் வேண்டும். வெண்புள்ளியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. பஸ் நிலையத்துக்கும் வர வேண்டும்.

ஐந்து கேள்விகள்

அதுவரை தோல் மருந்து வாங்குகிறவர் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. இது என்ன நோய் என்று படித்த மருத்துவர் பார்த்துச் சொன்னாரா?

2. மருந்தின் மேல் உரிம எண், தயாரித்த தேதி, சேர்ந்த பொருள்கள், விலாசம் இருக்கின்றனவா?

3. இது பூசும் மருந்தா, உண்ணும் மருந்தா? உண்ணும் மருந்தானால் ஈரலையும் சிறுநீரகத்தையும் எப்போது சோதிக்க வேண்டும்? பாதரசம், பாஷாணம் சேர்ந்ததா?

4. இரண்டே நாளில் மாயம் போல் மறைந்ததா? அப்படியானால் ஸ்டீராய்டு இருக்கலாம். பயந்து போய்த் தானாக நிறுத்தவும் கூடாது. டப்பாவோடு டாக்டரிடம் போக வேண்டும்.

5. ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எது, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்று வைத்தியர் கேட்டாரா? கேட்காதவர் வைத்தியர் அல்ல, வியாபாரி.

இன்னும் ஒன்று. நிறம் வெளுத்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால் எந்தக் களிம்பும் பூசக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு இலவசமாக மருந்து கிடைக்கிறது. முழுவதும் குணமாகும். வேலூர் பக்கம் கரிகிரியில் 1955 முதல் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. தாமதித்தால்தான் விரல் மடங்கும்.

பாட்டியின் தீக்குச்சி

பாட்டிக்குப் படிப்பு அதிகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பட்டை ஏமாந்து வாங்க மாட்டாள். ஏன்? வாய்ப்பேச்சை அவள் நம்புவது இல்லை. ஒரு நூலை உருவிப் பொசுக்கிப் பார்க்கிறாள். சீட்டைக் கேட்கிறாள்.

அந்த புத்தி அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியது இல்லை. கடைத்தெருவில் இருந்து பஸ் நிலையம் வரை அதைக் கூடவே கொண்டு வந்தால் போதும்.

"உள்ளே என்ன? செய்தது யார்? சோதித்தது யார்?"

பட்டுக்குக் கேட்கிற இந்தக் கேள்விகளை உடம்புக்கும் கேட்கட்டும். பதில் வந்தால் மருந்து சீனாவில் பிறந்தால் என்ன, சித்தரிடம் பிறந்தால் என்ன, சீமையில் பிறந்தால் என்ன? பூசிக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டால், டப்பா அங்கேயே இருக்கட்டும்!